சேர்மன் தூக்கிய கை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் ஆளுங்கட்சிக் கவுன்சிலராக இருந்த பரஞ்சோதி அண்ணன்.

எங்கள் பேரூராட்சியில் தவமணி அக்கா மட்டும் சுயேச்சை. அவர் வார்டுப் பெண்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். குழாய் கேட்டு அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது சேர்மன் மாசிலாமணி சிரித்தார்.

"என் கட்சிக்காரன் ஒருத்தன் உனக்குக் கை தூக்கட்டும், நாளைக்கே குழாய் போடறேன்."

அந்தக் கட்சிக்காரர்கள் தீர்மானத்தைக் காதில் வாங்குவதே இல்லை. சேர்மன் கை உயர்ந்தால் தங்கள் கையும் உயரும், அவ்வளவுதான். அக்கா டீக்கடைக்காரரிடம் நேரம் சொல்லி வைத்தார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்று செயல் அலுவலர் சொன்னதும் வாசலில் டீ வந்தது. இங்கே கொண்டுவா என்று சேர்மன் கையை உயர்த்தினார். பின்னால் அவர் கட்சிக் கைகள் அத்தனையும் உயர்ந்தன.

"நிறைவேறிடுச்சு, எழுதிக்குங்க சார்!" என்றார் அக்கா.

"ஏம்மா, நான் டீக்குல்ல தூக்கினேன்!"

"நீங்க டீக்குத் தூக்கினீங்க தலைவரே. இவங்கல்லாம் எதுக்குத் தூக்கினாங்க? பத்திரிகைக்காரங்க இருக்காங்க, கேட்டுச் சொல்லுங்க."

செயல் அலுவலர் தீர்மானத்தை எழுதிக்கொண்டார். அந்த மாதமே குழாயில் தண்ணீர் வந்தது.

போன வாரம்தான் கேட்டேன்: "அண்ணே, நீங்க டீயே குடிக்க மாட்டீங்களே, அப்புறம் எதுக்குக் கை தூக்கினீங்க?"

"தலைவர் தூக்கினாருல்ல தம்பி!" என்றார்; அப்போதுதான் கதையை முழுதாக நம்பினேன்.