முந்திக்கொண்ட பதில்

"எட்டுத் தடவை ஆச்சு டீச்சர். இந்தச் சனியன் எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்றார் இருளப்பன்.

சனியன் என்றது உள்ளங்கை அகலமுள்ள ஒரு கணினிப் பலகையை. அதற்குத் திரை கிடையாது. மெமரி கார்டு செருகும் இடமும் உடைந்துபோயிருந்தது. இயங்குதளத்தை நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் ஊட்ட வேண்டும். மூலையில் அதை வைத்திருக்கும் சர்வர் தயாராக இருந்தது. சர்வர், பலகை, இருளப்பனின் லேப்டாப், மூன்றின் கேபிளும் ஒரே இணைப்புப் பெட்டியில்.

பலகை எழுந்தால் கூரை மேலிருக்கும் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால்தான் மேலே அணையில் மதகைத் திறக்கலாம். ஆற்றுமணலில் துணி துவைக்கிறவர்கள் கரையேற வேண்டுமே.

இருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சர் பரிமளாவுக்கு இருபத்தாறு. மில் மூடியதும் டீச்சரிடம் வேலை கற்க வந்தவர் இருளப்பன். கற்றது கொஞ்சம், களைத்தது நிறைய.

"கரண்டு கொடுத்ததும் அது என்ன கேக்குது அண்ணே?"

"கேக்குதா? இது எங்க கேக்குது? செத்த மாதிரி கிடக்கு."



மேசை மேலிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் மதகுக் காவலர் சூசை.

"டீச்சரம்மா, அணை ததும்புது. எப்பத் திறக்கலாம்?"

"அரை மணியில சூசை!" என்றார் இருளப்பன்.

சூசை போனை வைத்தார். காலையிலிருந்து இது நாலாவது அரை மணி.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஆளு கேக்குறான். சும்மா இருக்க முடியுமா?"

ஒன்பதாவது தடவை பிடுங்கிச் செருகினார். ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வீட்டுக்குப் போறேன் டீச்சர். என் மண்டைல இதெல்லாம் ஏறாது."

"போங்க. இதைப் படிச்சுட்டுப் போங்க."

பலகையிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைத் தன் லேப்டாப்பில் செருகி, திரையை அவர் பக்கம் திருப்பினார் டீச்சர். பலகை பேசுவதெல்லாம் வரிவரியாக ஓடியது.

இருளப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாராவது இருக்கீங்களான்னு கேக்குது. தனக்கு ஒரு முகவரி வேணுமாம்."

"அப்புறம்?"

"பதில் வந்துடுச்சே! முகவரி கிடைச்சிருச்சு."

"அப்புறம்?"

"இயங்குதளம் எங்கன்னு கேக்குது. பதில் இல்ல. மறுபடி கேக்குது. பதில் இல்ல."

"முகவரி கொடுத்தது யாரு?"

எண்ணைப் பார்த்தார். சர்வருடைய எண் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவருடைய லேப்டாப்பின் எண்.

பலகைக்கு இன்டர்நெட் கிடைக்கட்டுமே என்று காலையில் அவர்தான் லேப்டாப்பில் இணையப் பகிர்வைப் போட்டுவைத்தார். பலகை கேட்கும்போதெல்லாம், சர்வர் வாய் திறப்பதற்குள் லேப்டாப் முகவரி கொடுத்து முந்திக்கொண்டிருக்கிறது. அடுத்து இயங்குதளம் கேட்டால் கொடுக்க அதனிடம் ஒரு மண்ணும் கிடையாது.

"உதவிக்குத்தான் போட்டேன் டீச்சர்."

"தெரியும்."

இருளப்பன் பகிர்வை அணைத்தார். பலகைக்கு மறுபடி கரண்டு கொடுத்தார். திரையில் வரிகள் கொட்டின. இந்தத் தடவை நிற்கவே இல்லை. இயங்குதளம் பாதி ஏறியிருந்தது. அப்புறம் முக்கால்.

போன் அடித்தது.

"டீச்சரம்மா, அரை மணி ஆச்சு. திறக்கலாமா?"

இருளப்பன் வாயைத் திறந்தார்.

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளப்பன் வாயை மூடினார்.

"ஹலோ" என்றார் சூசை. "யாராவது இருக்கீங்களா?"

கூரை மேல் சங்கு ஊதியது.