இரண்டிலும் வெள்ளைப் பூ

கரட்டுக் குன்றின் அடியில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், பின்னால் கிணறு, முன்னால் சின்னதாய் ஓர் அம்மன் சந்நிதி. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். வயது நாற்பதைத் தொடவில்லை. சாமியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அவருடைய சீடன் நாச்சிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவன். ஊரில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கூடத்தைக் கூட்டித் தண்ணீர் இறைத்து வைப்பான். சாமியம்மா சொல்வதை உட்கார்ந்து கேட்பான். பாதி விளங்காது. விளங்கியது போலத் தலையை மட்டும் நன்றாக ஆட்டுவான்.

ஒரு புதன்கிழமை வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, பட்டறைக்கு லீவா?"

"சாமியம்மா, ஒரு பாவம் பண்ணோணுங்க. நீங்கதான் ஒத்தாசை பண்ணோணும்."

"பாவத்துக்கு ஒத்தாசையா? சரி, முதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தான். சொன்னான்.

அவன் அம்மா பாவாத்தாளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் என்று வந்தது. ஆரம்பக் கட்டம்தான், இப்போதே ஆபரேஷன் செய்துவிட்டால் குணமாகிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அதையும் அவர் நாச்சிமுத்துவிடம்தான் சொன்னார். பாவாத்தாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணிடம் தவிட்டு விலை பேசிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்ததும், என்னடா சொன்னாங்கன்னு கேட்டுது. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டனுங்க. வெறும் கொழுப்புக் கட்டின்னு."

"அப்புறம்?"

"ஆபரேஷன் பண்ணோணும்னேன். கொழுப்புக் கட்டிக்கு எதுக்குடா கத்தி, உங்கப்பனுக்கு முதுகுல எலுமிச்சங்காய் தண்டி இருந்துச்சு, கடைசி வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கலையான்னு கேக்குது."

சாமியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க கேக்குறது நாயந்தானே?"

"நாயந்தானுங்க. அதுதான் இப்ப வினையா நிக்குது."

கெஞ்சிப் பார்த்தான், கத்தியும் பார்த்தான். பாவாத்தாள் அசைகிற ஆள் இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். மடத்தில் போய்ப் பூக் கேட்போம். அம்மன் சரியென்றால் சரி.

அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் பூக் கேட்பார்கள், போர்வெல் போடுவதற்கும் பூக் கேட்பார்கள். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். கேட்க வந்தவர் கேள்வியை வாய்விட்டுச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

நாச்சிமுத்து குரலை இறக்கினான்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சுக் கட்டிருங்க சாமியம்மா."

சாமியம்மா எழுந்து போய் நந்தியாவட்டையில் இரண்டு பூப் பறித்தார். இலையைக் கிழித்து, அவன் கண்ணெதிரிலேயே இரண்டையும் மடித்துக் கட்டினார். மாற்றி மாற்றி உருட்டி அவன் முன்னால் வைத்தார்.

அப்பாடா என்று இருந்தது நாச்சிமுத்துவுக்கு.

"உங்களுக்கும் ஒரு கேள்வி இருக்குமல்லோ. கேட்டு எடுங்க," என்றார்.

"எனக்குங்களா?"

"ஆமா."

அவனுக்கு இருந்தது ஒரே கேள்விதான். அதை இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"எங்கம்மா பொழச்சுக்குமா?"

"எடுங்க."

கை நீளவில்லை.

"ரெண்டும் வெள்ளைதானுங்களே."

"வெள்ளைதானே உங்களுக்கு வேணும்?"

"இதை எடுத்து எனக்கு என்னங்க தெரியப்போகுது?"

சாமியம்மா பொட்டலங்களை எடுத்துப் பிரித்து, பூவைச் சந்நிதியில் போட்டார்.

"நாளைக்குக் காத்தால அம்மாவைக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

செய்வாரா மாட்டாரா என்று தெரியாமலே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பாவாத்தாள் தலைக்குக் குளித்து, கரைபோட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம் பேச்சு. மடத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். கூடத்தில் கிடந்த பாயை உதறிப் போட்டாள். சந்நிதி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது இடது கையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். அதை நாச்சிமுத்து பார்த்தான்.

சாமியம்மா இரண்டு பூவை எடுத்து வந்து, இருவருக்கும் காட்டினார். ஒன்று நந்தியாவட்டை. இன்னொன்று செவ்வரளி.

பாவி, கழுத்தறுத்துவிட்டாளே என்று நாச்சிமுத்து நினைத்தான். குருவை அப்படி நினைத்தோமே என்ற பயம்கூட அப்போது வரவில்லை.

பொட்டலங்கள் அம்மன் முன்னால் இருந்தன.

"கேளுங்கம்மா," என்றார் சாமியம்மா.

பாவாத்தாள் கைகூப்பினாள். "தாயே, என் மாருல இருக்குற கொழுப்புக் கட்டியை எடுத்துப்போடட்டுமா, சும்மா விட்டுறட்டுமா? நீயே சொல்லு."

கையை நீட்டினாள். சாமியம்மா தன் கையைப் பொட்டலங்களின் மேல் வைத்தார்.

"நாச்சிமுத்து, கேள்வி சரியான்னு சொல்லுங்க. தப்பாக் கேட்டா அம்மனும் தப்பாத்தான் சொல்லும்."

"அவங்கிட்ட என்னத்தைக் கேக்குறீங்க?" என்றாள் பாவாத்தாள். "கட்டி என்னுதுங்க."

சாமியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை இலையின் மேல் விழுந்துவிடும். செவ்வரளி வந்துவிட்டால் தீர்ந்தது. பிறகு டாக்டரே வந்து காலில் விழுந்தாலும் பாவாத்தாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டாள்.

"கேள்வி தப்புங்க," என்றான் நாச்சிமுத்து.

"எது தப்பு?" என்றாள் அம்மா.

"அது கொழுப்புக் கட்டி இல்லம்மா."

"பின்ன?"

"கேன்சரும்மா."

பாவாத்தாளின் நீட்டிய கை மடிக்கு வந்தது.

"அது சாகுற நோவல்லோ?"

"இல்லம்மா. இப்பத்தான் ஆரம்பமாம். இப்பவே எடுத்துட்டா நல்லாயிரலாம்னு டாக்டர் சொன்னாரு. சத்தியமா சொன்னாரு."

"சத்தியத்தை நீ பேசாதே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன அமாவாசைக்கு மொத நாள்."

"அமாவாசைக்கு வடை சுட்டனே. ஒண்ணுகூடத் திங்காம எந்திரிச்சுப் போனியே, அதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் உப்புப் பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்," என்றாள் பாவாத்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "பயமா இருக்குதுடா," என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போவதா, தண்ணீர் கொண்டுவருவதா என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்தான்.

சாமியம்மா பொட்டலங்களின் மேலிருந்து கையை எடுத்தார்.

"இப்பக் கேளுங்கம்மா."

பாவாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொட்டலங்களைப் பார்த்தாள்.

"இதை எதுக்குங்க இந்தத் தாயைக் கேட்டுட்டு?" என்றாள். "டாக்டரையல்லோ கேக்கோணும். எனக்கே கேக்குறதுக்கு நெறைய இருக்குது." மகன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே கூட்டிட்டுப் போ. எடுத்துப்போடலாம். ஆனா இந்தவாட்டி நானும் உள்ளார வருவேன். நீ வெளிய பெஞ்சுல உக்காந்தாலும் சரி."

எழுந்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். வாளி உள்ளே விழும் சத்தம் கேட்டது.

நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் நாச்சிமுத்து. அவனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னங்க சாமியம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"நேத்து வரைக்கும் படுத்ததும் தூங்கிருமுங்க எங்கம்மா. அந்தப் பயமெல்லாம் எங்கூடவே போகட்டும்னு நான் ஒருத்தனே சுமந்துட்டுக் கெடந்தேன். இனி அதுக்கு எங்க தூக்கம் வரும்?"

"வராதுதான்."

"ராத்திரியெல்லாம் பயந்துட்டு முழிச்சுக் கெடந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

சாமியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"லைட்டைப் போடுங்க. பக்கத்துல உக்காந்து நீங்களும் பயப்படுங்க."