கறுத்த விரல்களும் காத்தாயியின் கிழங்கும்

மழைகூட ராஜாவிடம் கேட்டுவிட்டுப் பெய்த காலத்தில், செம்பாறை நாட்டை மணிமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் மீசை எவ்வளவு பெரிசு என்றால், அதன் ஒரு நுனியில் அணில் கூடு கட்டியிருந்தது. சிரிக்க வேண்டாம், நான் சொன்னால் சொன்னதுதான்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டக்காரி காத்தாயி, தன் குடிசைக் கொல்லையில் விளைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டுக் கொடுத்தாள். ராஜா தோலோடு தின்றான். தின்றவன் சும்மா இருந்தானா? நேரே சபைக்கு வந்து மீசையை முறுக்கினான்.

“இதைவிடப் பெரிய கிழங்கை என் கையாலேயே விளைவிப்பேன். பொங்கலன்று உங்கள் முன்னால் நானே தோண்டுவேன். தோற்றால் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன்!”

“தோற்பதாவது!” என்று துள்ளினார் பூவராகர். ராஜாவைப் புகழ்வதற்கென்றே சபையில் சோறு தின்றவர். மந்திரி அறவாழியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். “தங்கள் கை பட்ட மண்ணில் யானைத் தும்பிக்கை மாதிரி விளையும், மகாராஜா! மந்திரியார்தான் ஏதோ முணுமுணுக்கிறார்.”

“நட்ட பிறகு நோண்டிப் பார்க்காமல் இருந்தால் சரி என்றேன்,” என்றார் அறவாழி.

புரட்டாசியில் ராஜா கொடி நட்டான். அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டான், காத்தாயிக்கும் சேர்த்து. கொடி படர்ந்தது. மார்கழி பிறந்ததும் ராஜா இரண்டு கைகளையும் பட்டுச் சால்வைக்குள் வைத்துக்கொண்டே சபைக்கு வந்தான். “குளிர்,” என்றான். மறுநாள் பூவராகரும் சால்வை போர்த்திக்கொண்டு வந்து, வேர்க்க வேர்க்க நடுங்கிக் காட்டினார்.

பொங்கலும் வந்தது. சூரியனுக்குப் படைக்கக் கிழங்கு வேண்டும். நானே தோண்டுவேன் என்ற ராஜா, “சேவகர்களே, தோண்டுங்கள்,” என்றான். தோண்டினார்கள். எலிவால் மாதிரி வேர்தான் வந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவின் காது மடல் சிவந்தது.

“திருட்டு!” என்று கத்தினார் பூவராகர். “காத்தாயி இங்கே தோண்டியதை என் கண்ணாலேயே பார்த்தேன்!”

“சாமி, நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலியே!” என்று அலறிய காத்தாயி ராஜாவைப் பார்த்தாள். ராஜா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். அவனுக்கு உண்மை தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

“திருடிய கையை வெட்டுங்கள்!” என்றார் பூவராகர்.

“வெட்டலாம். யார் கை என்று முதலில் பார்த்துவிடுவோம்,” என்றார் அறவாழி. “வள்ளிக்கொடி அறுபட்டால் பால் வடியும். பட்ட கை கறுத்துப்போகும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் விடாது. எல்லோரும் கையை நீட்டுங்கள்.”

முதலில் காத்தாயி நீட்டினாள். காய்ப்புத்தான் இருந்தது, கறை இல்லை.

“எண்ணெய் தடவிக்கொண்டு திருடியிருப்பாள்!” என்றார் பூவராகர்.

“சரி. வேறொரு கையில் கறை இருந்தால்?”

“அதை வெட்டுங்கள்! யாருடைய கையானாலும் மணிக்கட்டோடு!”

சேனாபதி முதல் சமையல்காரன் வரை நீட்டினார்கள். எல்லாம் சுத்தம். அறவாழி தலை குனிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு ஜோடிக் கை பாக்கி. எனக்கோ பார்வை மங்கல். யாருடையது என்று தெரியவில்லை. உரியவருக்குத் தெரியும்.”

நீட்டிய கையை மடக்கப் பயந்து, காத்தாயி அப்படியே நின்றாள். அதைப் பார்த்த ராஜாவுக்கு உடம்பு கூசியது. மெல்லச் சால்வையை விலக்கினான். பத்து விரலும் கத்தரிக்காய்க் கறுப்பு.

“நான்தான். பெருத்ததா, பெருத்ததா என்று விடிய விடியப் போய்க் கிளறினேன். பெருக்கவே விடவில்லை. இவள்மேல் பழி விழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் கிழங்காகப் பிறந்து மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.”

பிறகு கைகளைப் பூவராகரிடம் நீட்டினான். “வெட்டும். யாருடைய கையானாலும் என்றீரே?”

பூவராகர் இரண்டடி பின்வாங்கி மூக்கை நீட்டினார். “மகாராஜா… இது கறையே இல்லை. கஸ்தூரி! வாசனை இங்கே வரைக்கும் வருகிறது!”

“அப்படியா? அவ்வளவு நல்ல சரக்கென்றால் நீரும் பூசிக்கொள்ள வேண்டாமா? அடுத்த பொங்கல் வரை காத்தாயி கொல்லையில் கொடி வேலை செய்யும். எண்ணெய் தடவாமல்!”

ராஜா காத்தாயியிடம் திரும்பினான். “அம்மா, இந்தக் கையை என்ன செய்யட்டும்?”

“கையை விடுங்க சாமி,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “பந்தயம் கட்டினது மீசையைத்தானே?”

நாவிதர் வந்தார். அணில் குடிபெயர்ந்து அறவாழியின் தலைப்பாகைக்குப் போனது. அரண்மனைத் தோட்டத்தில் பாதியைக் காத்தாயிக்கு எழுதிக்கொடுத்தான் ராஜா. மந்திரிக்குத் தன் பட்டுச் சால்வையையே போர்த்தினான். இனி அது அவனுக்கு எதற்கு?

விரல் கறை போக மாசி ஆயிற்றாம். மீசை முளைக்கச் சித்திரை ஆயிற்றாம். காத்தாயியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க மட்டும் ராஜாவுக்கு அடுத்த பொங்கல் ஆயிற்று.