நிழலை அளந்த வாத்தியார்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதையில்லை இது. கோணக்கரை வாத்தியார்கள் காதுல விழுந்தா என்னையும் அளக்க வந்துடுவாங்க.

கோணக்கரை உயர்நிலைப் பள்ளியில பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க கணக்குப் பாடம்னா உட்கார்ந்தபடியே தூங்கிடுவாங்க. ஒருநாள் கல்வி அதிகாரி வந்து பார்த்துட்டார். ஆறடி ஆள், வாசல்ல குனிஞ்சுதான் நுழைவார். கணக்கு வாத்தியார் சவரிராஜைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போய்யா. அந்தப் புங்கமரத்து நிழலை அளந்தா மரத்தோட உயரம் தெரியும். அடுத்த தடவை நான் வரும்போது கணக்கு வகுப்புல சிரிப்புச் சத்தம் கேக்கணும். இல்லேன்னா உம்மை மலைக்கு மாத்திடுவேன்!"

சவரிராஜ் மலைக்குப் போனா வீட்டுல கறவை நின்னுடும். அவர் வீட்டு எருமை அவர் கை பட்டாத்தான் பால் குடுக்கும்.

மறுநாள் காலையில பார்த்தா நிழல் சமையற்கூடத்துச் சுவர் வரைக்கும் நீண்டு கிடந்தது. கயிறு தேடி ஊர் முழுக்க அலைஞ்சார். திரும்பி வந்தா நிழல் பாதிதான் இருக்கு! நிழல்ல ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கிட்டிருந்தது.

"இதுதான் சார் தின்னிருக்கு. வாயைப் பாருங்க" என்றார் தலைமையாசிரியர் தணிகாசலம். ஆட்டைக் கட்டிப் போட்டாங்க.

மிச்ச நிழலாவது தங்கட்டும்னு பத்தாம் வகுப்பையே அதுமேல உட்கார வச்சாங்க. பிள்ளைங்க வெயில் படப் பட நகர்ந்து உட்கார்ந்தாங்க. டீ குடிச்சுட்டு வந்த சவரிராஜ் அலறினார்.

"ஐயையோ! நிழல் பிள்ளைங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது சார்!"

மத்தியானம் நிழல் மரத்தடியில சுருண்டுக்கிச்சு. சாயங்காலம் வாசல் தாண்டி ஓடிச்சு. மூணு பேரும் கூடி யோசிச்சாங்க. மூணாவது ஆள் டிராயிங் மாஸ்டர் குப்பாண்டி. ஊர்லயே கெட்டிக்காரர்னு பேர் வாங்கினவர்.

"அதிகாரி பொய் சொல்வாரா?" என்றார் குப்பாண்டி.

"சொல்லமாட்டார்."

"அப்ப நிழல் எவ்வளவோ, ஆள் அவ்வளவு. மரம் மத்தியானம் குட்டியாயிடுது, சாயங்காலம் வளருது. நாமதான் இத்தனை வருஷமா கவனிக்கலை."

அடுத்த வாரம் உச்சிவெயில்ல அதிகாரி வந்து புங்கமரத்துப் பக்கத்துல நின்னார்.

"மரம் எவ்வளவு உயரம்?"

சவரிராஜ் கேட்டார்: "எத்தனை மணிக்கு இருக்கிற உயரம் வேணும் ஐயா?"

பத்தாம் வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சது. அதிகாரிக்கே சிரிப்புல மீசை துடிச்சது.

"சரி போய்யா, சிரிக்க வச்சிட்டீர். இங்கேயே இரும்."

எருமை பிழைச்சதுன்னு சவரிராஜ் கும்பிட்டார். அதுக்குள்ள குப்பாண்டி அதிகாரி காலடியில குனிஞ்சு அவர் நிழலுக்குக் கயிறு பிடிச்சுக்கிட்டிருந்தார்.

"சார்! ஒரு சாண்தான் இருக்கு!"

தணிகாசலம் பதறினார். "பச்சைக் குழந்தையை எவன்யா தனியா அனுப்பினது?"

"விடுய்யா! நான் அதிகாரி!"

"பேச்சைப் பாருங்க சார், இந்த வயசுலயே!"ன்னு பூரிச்சுப்போன குப்பாண்டி, ஆறடி ஆளை அப்படியே இடுப்புல தூக்கிக்கிட்டுப் பக்கத்து அங்கன்வாடிக்குப் போய், தொட்டில்ல போட்டு ஆட்ட ஆரம்பிச்சார்.