ஆமை எந்தப் பக்கத்தில் வரும்

முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சிவஞானவேல், படப்புத்தகம் எழுதக் கற்றுக்கொள்ள மேகலாவிடம் வந்து சேர்ந்தார். மேகலாவுக்கு வயது முப்பத்தாறு. தென்காசியில் தன் வீட்டின் முன்னறையைச் சிறுவர் நூலகமாக்கி, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறவள். அவர் அவளை டீச்சர் என்றுதான் அழைப்பார்.

அவருடைய முதல் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு கிழ ஆமை இறக்க வேண்டும். அப்படி எழுத அவருக்குக் கை வரவில்லை. கடைக்குக் கிளம்புகிறவர்கூட வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லிவிடக் கூடாத வீட்டில் வளர்ந்தவர். ஆகவே அவருடைய ஆமை, முயலிடம் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

இதில் சாவு எங்கே இருக்கிறது என்று மேகலா கேட்டாள். அந்தச் சொல்லை ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மேகலா வாசற்படியைக் காட்டினாள்.

அங்கே பொன்மாரி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா பைக் விபத்தில் இறந்து இரண்டு மாதம். வெளியூர் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். தையல் கடையிலிருந்து அம்மா வரும்வரை பிள்ளை நூலகத்தில்தான் இருப்பாள்; ஆனால் உள்ளே வரமாட்டாள். அப்பா தெருவில் வந்தால் தன்னைப் பார்க்க வேண்டுமாம்.

"அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க சார்."

அட்டை போட்டுத் தைத்து வைத்திருந்த தன் கைப்பிரதியைப் படித்தார். பொன்மாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பின்னட்டையைப் பார்த்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"ஆமை எந்தப் பக்கத்துல வரும்?"

அடுத்த புத்தகத்தில் வரும் என்றார். சமாளித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"ஆமைதானே. மெதுவாத்தான் வரும்." புத்தகத்தை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, "அப்பாவும் மெதுவா வாராரு" என்றாள்.

மறுநாள் சாரல் பிடித்துக்கொண்டது. பிள்ளை நனைந்தபடி படியிலேயே இருந்தாள். தூக்கி உள்ளே கொண்டுவந்தால் திமிறிக்கொண்டு திரும்பப் போனாள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த புத்தகம் எங்கே என்று கேட்டாள்.

என்ன செய்வது என்று அவர் மேகலாவிடம் போய் நின்றார். அவள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"நீங்கதானே சொன்னீங்க. ஆமையைக் கூட்டிட்டு வாங்க சார்."

சாயங்காலம்வரை தாள் வெள்ளையாகவே இருந்தது.

பொன்மாரியின் அம்மா வந்ததும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். பத்துத் தடவை வாயெடுத்தும் தன்னால் முடியவில்லை என்று அவள் அழுதாள். நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லிருங்க என்றாள்.

அடுத்த நாள் படியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஆமை செத்துப்போச்சும்மா. நான் தப்பா எழுதிட்டேன். அது வராது."

"மெதுவாக்கூட வராதா?"

"வராது."

பொன்மாரி தெருவைப் பார்த்தாள்.

"அப்பா?"

"அப்பாவும் செத்துப்போயிட்டாரும்மா. வரமாட்டாரு."

பிள்ளை முதலில் அவரை அடித்தாள். பிறகு அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு பார்வையில் பள்ளிக்கூடத்தையே அடக்கியவருக்கு இந்த அழுகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மேகலா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் டீச்சர். மழுப்பல. செத்துப்போயிட்டாருன்னே சொன்னேன். சரியாச் சொன்னேனா?"

"அழுதாளா?"

"அழுறா."

"இப்பவுமா?"

"ஆமா டீச்சர்."

மேகலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் சார் எழுந்து வந்தீங்க?"