துரை சிரிக்காத சபை

முன்னே ஒரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மணிமாற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடக்க வேண்டும். அவர் சபையில் ஒரு வழக்கம். ராஜா சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கலாம்.

ஒரு நாள் கடல் கடந்து ஒரு வெள்ளைக்காரத் துரை தூது வந்தார். கொண்டுவந்த கடிதத்தில், ‘எங்கள் தூதரை நன்றாக எண்டர்டெயின் செய்யுங்கள்’ என்றிருந்தது. அப்படியென்றால் என்னவென்று ராஜா கேட்டார். சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர் சதுரகிரிப் பண்டிதர் ஒருவர்தான். விகடகவி வல்லபன் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

“சிரிக்க வைப்பது, மகாராஜா. வல்லபன் வேலைதானே? உச்சிப்பொழுதுக்குள் முடியாவிட்டால் அவன் இங்கே எதற்கு?” என்று மூட்டிவிட்டார்.

முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும் என்று ராஜாவும் சொல்லிவிட்டார். வல்லபன் மனைவிக்கோ நிறைமாதம். ஈசுவரா, அவளை எந்தக் காட்டுக்கு அழைத்துப் போவான்?

வல்லபன் குரங்காய்க் குதித்தான், கிழவியாய் நடந்தான். துரை கல்லாய் உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே பண்டிதர் அவருக்குச் சபை வழக்கத்தைக் கண்டிப்பாய்ச் சொல்லி வைத்திருந்தார். துரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராஜா சிரிக்க மறந்துபோனார். ராஜா முகத்தையே பார்த்தபடி துரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அது வல்லபன் கண்ணில் பட்டது. உடனே கைகூப்பினான்.

“தங்கள் முன்னே ஒரு திரை போட உத்தரவாக வேண்டும், மகாராஜா. அரை நாழிகை போதும்.”

திரை விழுந்தது. வல்லபன் மேல்துண்டை வயிற்றில் கட்டிக்கொண்டு பண்டிதராகவே மாறிப்போனான். ராஜா தும்மினால் பண்டிதர் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வாரே, அதை அப்படியே செய்தான். துரை சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. சபையே குலுங்கியது.

ராஜா திரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அத்தனை வாயும் சட்டென்று மூடிக்கொண்டது. அதைப் பார்த்து அவர் முகம் வாடியது.

“இத்தனை வருஷமும் நான்தானா குறுக்கே நின்றேன்?” என்றார்.

பிறகு, கடிதத்திலிருந்த அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு முழு அர்த்தம் என்னவென்று துரையிடமே கேட்கும்படி பண்டிதரிடம் சொன்னார். வயிறார உணவிட்டு, கூட உட்கார்ந்து பேசி, விருந்தாளி தன் வீடுபோல் மனசு லேசாய் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, சிரிப்பு அதில் ஒரு பங்கு என்றார் துரை. பண்டிதரே அதைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

ராஜா இறங்கிவந்து துரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அந்த மூக்கை எனக்கும் ஒருதரம் காட்டப்பா, வல்லபா.”

இந்த முறை முதலில் சிரித்தது துரை. ராஜா கடைசி.

வல்லபன் மனைவி அரண்மனைப் பல்லக்கில் பிறந்தகம் போனாள். பண்டிதருக்கும் புது உத்தியோகம் கிடைத்தது. வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும், “தாராளமாய்ச் சிரிக்கலாம், ஐயா” என்று சொல்ல வேண்டும். சிரித்த முகமாய்ச் சொல்ல வேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு.