ஆவுடையப்பன் வனம்

நல்ல சேதி கொண்டுபோகிறவருக்கு மூச்சிரைக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். செங்கமலம் டீச்சருக்கு நன்றாகவே இரைத்தது. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் மக்கர். ஆனாலும் ஜீப்புக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெண்புல் மேட்டுக்கு நடந்தே ஏறினார். பையில் அரசாங்கக் காகிதம் இருந்தது. எட்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசி இரண்டு வருஷம் சென்னையே கதியென்று கிடந்து வாங்கிய காகிதம்.

மேடு முழுக்க நிற்கும், சீமையிலிருந்து வந்த சீகை மரக்காட்டுக்கு இனிமேல் ‘ஆவுடையப்பன் வனம்’ என்று பெயர். அங்கே ஒரு இலையைக்கூட யாரும் கிள்ளக் கூடாது. நாளைக் காலை அமைச்சர் வந்து கல்வெட்டைத் திறக்கிறார். பாக்கி ஒன்றே ஒன்றுதான். ஆவுடையப்பன் ஐயாவின் சம்மதக் கையெழுத்து. அவரிடம் மூச்சே விடாமல் டீச்சர் செய்த வேலை இது.

ஐயாவைத் தெரியாதவர்கள் அந்த ஜில்லாவில் உண்டா! மிருகம் என்றால் சுடத்தான், காடு என்றால் வெட்டத்தான் என்று பெரிய மனிதர்களெல்லாம் நினைத்திருந்த காலத்தில், ஒற்றை ஆளாக நின்று வரையாட்டு வேட்டையை நிறுத்தியவர். மர லாரிக்கு முன்னால் படுத்தவர். மொட்டையாகக் கிடந்த மேட்டில் லட்சக்கணக்கில் மரம் நட்டவர். டீச்சரே இருபத்திரண்டு வயதில் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் பெட்டியோடு மலையேறியவர்தான். மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டு, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

ஐயா குடிசையில் இல்லை. சரிவில் இருந்தார். எண்பத்து மூன்று வயது மனிதர், ஈர மண்ணில் முட்டி போட்டுக்கொண்டு என்ன செய்தார் தெரியுமா? சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா! என்ன பண்றீங்க?”

“புடுங்குறேன்.”

“அது உங்க மரம்யா!”

“அதனாலதான் நான் புடுங்குறேன்.”

டீச்சர், தான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஐயாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றே நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஐயா கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

“ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாதா?”

“கூடாதுங்கய்யா. கிள்ளினா ஜெயில்.”

“அப்போ நாளைக்கு மொத ஆளா என்னைத்தான் புடிச்சிட்டுப் போவாங்க.”

“வெளையாடாதீங்கய்யா. உங்க காலத்துக்கு அப்புறமும் இந்தக் காடு நிக்கணும்னுதான் நாயா அலைஞ்சேன்.”

ஐயா கை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். “வா” என்றார்.

சரிவின் அடியில் இருந்த ஓடைக்குக் கூட்டிப்போனார். ஓடை என்று பழக்கத்தில்தான் சொல்கிறோம். வெறும் கூழாங்கல்.

“மழை எப்போ பேஞ்சுது?”

“முந்தாநாள். ரோடெல்லாம் சேறு.”

“தண்ணி எங்க?”

டீச்சர் குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வயசில் கன்று நட்டுவிட்டுக் கை கழுவி, அள்ளிக் குடித்த இடம். பல்லெல்லாம் கூசும், அப்படி ஒரு குளிர்ச்சி. சித்திரை மாதத்திலும் கணுக்கால் நனையும். முழங்கால் மக்கர் பண்ணியதிலிருந்து அவர் இந்தப் பக்கம் இறங்கியதே இல்லை.

“மழை முன்ன மாதிரி இல்லையேய்யா” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“மழை அதேதான். புல்லு இருந்தப்போ மழையக் குடிச்சு வெச்சுக்கிட்டு, கொஞ்சங்கொஞ்சமா ஓடைக்கு விட்டுச்சு. மரம் குடிக்குது. விடமாட்டேங்குது.”

“இது முன்னாடியே தெரியாதாய்யா?”

“தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான். எருமை மேய்க்கிற கருமலையான். மொதக் கன்னு நட்ட அன்னைக்கே வந்து சொன்னான். ‘சாமி, இது மொட்டை மலை இல்ல, புல்லு மலை. மரம் வெச்சா ஓடை செத்துரும்’னான். எருமை மேய்க்கிறவனுக்கு என்ன தெரியும்னு அத்தனை பேர் முன்னாடி சிரிச்சேன். சிரிச்சதோட விட்டேனா? கன்னைக் கடிக்கும்னு அவன் எருமைய மேட்டுல ஏத்தவே கூடாதுன்னு தடை வாங்கினேன். அவன் எருமைய வித்துட்டு, மலைய விட்டு எறங்கிச் செங்கல் சூளைக்குப் போயிட்டான்.”

ஐயா ஒரு கல்லில் உட்கார்ந்தார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தார்.

“போன வருஷம் தேடிப் போனேன். கட்டில்ல கெடந்தான். கண்ணு தெரியல. ஆனா என் குரலைக் கண்டுபிடிச்சிட்டான். மன்னிச்சிருடான்னு கேக்கத்தான் போனேன், கமலம். அதுக்குள்ள அவன் கேட்டுட்டான்.”

“என்ன கேட்டாரு?”

“‘சாமி, ஓடை ஓடுதா?’ன்னு.”

டீச்சர் கூழாங்கற்களைப் பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஓடுதுன்னேன்.”

காற்றில் சீகைப் பூ மஞ்சளாக உதிர்ந்தது. ஐயா அதைத் தோளிலிருந்து தட்டிவிட்டார்.

“அவனுக்கு அப்படி ஒரு சந்தோசம். நாந்தான் தப்பா சொல்லிட்டேன் சாமின்னு என் கையப் புடிச்சுக்கிட்டான். எங்கிட்ட அவன் மன்னிப்புக் கேக்குறான்! பாவி நான், அப்பவும் வாயைத் திறக்கல. மறு வாரம் செத்துப்போயிட்டான்.”

டீச்சர் அழ ஆரம்பித்தார். ஆனாலும் எட்டு வருஷம் அலைந்த மனசு லேசில் விடுமா?

“வேட்டையை நிறுத்தினது யாருய்யா? நீங்க இல்லேன்னா வரையாடுன்னு ஒண்ணு இருந்திருக்குமா?”

“இருக்கா? எங்க, ஒண்ணைக் காட்டு.”

டீச்சர் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தார். மரம். அதற்கு மேலும் மரம். மேய ஒரு கைப்பிடிப் புல் கிடையாது. ஆடு எப்படி நிற்கும்?

“துப்பாக்கிக்குத் தப்பிச்சது கமலம். எனக்குத் தப்பலை.”

டீச்சர் கேட்டார். “நானுந்தானேய்யா நட்டேன்?”

“நான் சொல்லி நீ நட்டே. சொன்னதக் கேக்காம நான் நட்டேன். ரெண்டும் ஒண்ணில்ல.”

“எல்லாத்தையும் வெட்டிரச் சொல்லலாமா?”

“வெறுமனே வெட்டினா அடியிலேருந்து பத்தாத் துளிர்க்கும். எரிச்சா நூறா மொளைக்கும். மண்ணுக்குள்ள வெதை அம்பது வருஷம் சாகாமக் கெடக்கும். பெருசுகளைப் பின்னால வேற யாராவது பாத்துக்கட்டும். என் கைக்கு அடங்குறது இந்தக் கன்னுதான். மழை பேஞ்ச ஈரத்துல புடுங்கினா வேரோட வரும்.”

டீச்சர் காகிதத்தையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தார்.

“நாளைக்கு அத்தனை பேர் வர்றாங்கய்யா. உங்க பேரை வெட்டின கல்லு வந்து எறங்கிருச்சு. இதுல நீங்க கையெழுத்துப் போடலேன்னா, ஆவுடையப்பன்னு ஒருத்தர் வாழ்ந்ததுக்கு இந்த மலையில ஒரு பேருகூட மிஞ்சாதே!”

ஐயா காகிதத்தை அழகாக நான்காக மடித்தார். கையெழுத்துப் போடாமலே டீச்சரின் பையில் திரும்ப வைத்தார்.

“மிஞ்சணும் கமலம். கட்டாயம் மிஞ்சணும். காட்டுக்கு வேணாம், இந்த மரத்துக்கு என் பேரை வெச்சிரு. இன்னும் அம்பது வருஷத்துக்கு இதைப் புடுங்குறவன், என்னைத் திட்டிக்கிட்டே புடுங்கட்டும்.”